தங்கத்தைக் கொல்ல இருந்த வாரம்

தொடர்கதை எழுத வந்திருக்கும் பிள்ளைகளே, போன கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, "உவமையை எங்கேயிருந்து எடுக்கணும் டீச்சர்?" என்று கேட்டார். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டி, "வாழ்க்கையிலிருந்து" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சுத்தப் பொய். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மனசாட்சி குத்துகிறது. இத்தனை வருடம் எழுதியதில் எனக்கு வாய்த்த ஒரே உருப்படியான உவமை, அர்த்தம் தெரியாமல் நான் எழுதியது. இன்றைக்கு அந்த மானக்கேட்டை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பதாக இருந்தால் தாராளமாகச் சிரியுங்கள், நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு உண்மை. என் கதைகளில் எல்லாம் தேயிலை மலையும் லயத்து வரிசை வீடுகளும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களமும் வருவதால், நான் கொழுந்துக் கூடையோடு பிறந்தவள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நான் ஹட்டன் டவுனில் ஒரு இரும்புக்கடைக்காரரின் மகள். தேயிலையை ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவள். எங்கள் கடையில் கவ்வாத்துக் கத்தி விற்றோம், தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுகிற அந்த வளைந்த கத்தி. கத்தி விற்றதால் கவ்வாத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இந்த அறிவை வைத்துக்கொண்டு நாவல் எழுதக் கிளம்பியவளின் துணிச்சலை நீங்கள் பாராட்டத்தான் வேண்டும்.

அப்போது ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் ஒரு சின்ன வார இதழ் நடந்துகொண்டிருந்தது. அதில் என் தொடர்கதை வரும். வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்கு அச்சுக்குப் போகும். அதோடு அதே அத்தியாயத்தை என் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து, வெள்ளிக்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் விடுவார்கள். மலையில் பெண்கள் கூடையை இறக்கி வைத்து ரொட்டியைப் பிரிக்கிற நேரம் அது. ஒரு போனைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்களாம். அச்சில் வாசித்தவர்களைவிடக் காதால் வாசித்தவர்கள்தான் எனக்கு அதிகம்.

கதையின் நாயகி பெயர் தங்கம். கொழுந்து பறிக்கிறவள், இருபத்தைந்து வயது. பதினோராவது அத்தியாயத்தில் அவளுடைய புருஷன் மரம் விழுந்து செத்துப்போகிறான். சாவு வீட்டு வாசலில் அவள் நிற்கிற காட்சிக்கு ஒரு உவமை தேவைப்பட்டது. நிலாவை எழுதினேன், அடித்தேன். விளக்கை எழுதினேன், அதையும் அடித்தேன். அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்மலைத் தேயிலை வெட்டப்பட்டு, குச்சி குச்சியாக, பச்சையே இல்லாமல் கிடந்தது. ஆஹா! "தங்கம், கவ்வாத்து வெட்டிய செடியைப் போல நின்றாள்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன். எழுந்து தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, மறுபடி வாசித்து மறுபடி அழுதேன். எல்லாம் முடிந்து போனது, இனி அவளுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. கடைசி அத்தியாயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து விடியற்காலையில் சாக வேண்டும். அந்தச் சாவை நான் ஏற்கெனவே எழுதியும் வைத்திருந்தேன். பத்துப் பக்கம். என் திறமை முழுவதும் அதில் இருந்தது.

அந்த அத்தியாயம் வெளியான மறுநாளே ஆசிரியர் கூப்பிட்டார். ஆசிரியர் என்றதும் வயதானவர் என்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முப்பது வயதுத் தம்பி. எப்போதும் பதற்றம்.

"அக்கா, உங்கட தங்கத்தாலை எங்களுக்கு நிம்மதி இல்லை. காலமை தொடக்கம் ஃபோன். அவா ஆரைக் கட்டப் போறா எண்டு கேக்கினம்."

"யாரைக் கட்டுறதா? புருஷன் செத்து இன்னும் எட்டுக்கூட ஆகல தம்பி!"

"எனக்கெண்டால் ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் ஏதோ சொல்லிப்போட்டியளாம். திரும்பக் கலியாணம் நடக்கும் எண்டு."

நான் அப்படி ஒரு வரி எழுதவில்லை. அத்தியாயத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அழைப்பு கூடியது. போதாக்குறைக்கு மாப்பிள்ளையையும் அவர்களே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆறாம் அத்தியாயத்தில் லயத்துத் தண்ணீர்க் குழாயைத் திருத்த ஒரு பாஸ், அதாவது குழாய் வேலைக்காரர், வருவார். மொத்தமே மூன்று வரி. பெயர்கூட வைக்கவில்லை. தங்கம் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிறாள். வீட்டில் சீனி தீர்ந்துவிட்டது, வெறும் தேத்தண்ணி. "சீனி கொஞ்சம் போடவா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்கிறாள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி போதும்" என்கிறார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்கு இரண்டு பள்ளத்தாக்கு விழுந்துவிட்டது. "இல்லாத சீனியப் போதும்னு சொன்ன மனுசன், அவர விட்டா வேற யாரு?" என்று நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் பத்துப் பெண்கள் 'ஆமா, ஆமா' போட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. என் கதை, என் தங்கம், நான் பெற்ற பிள்ளைக்கு இவர்கள் மாப்பிள்ளை பார்ப்பதா? பிடிவாதம் ஏறியது. அவளைக் கொன்றே தீருவது என்று, கடைசி அத்தியாயத்தை வியாழன் வரை காத்திராமல் திங்கட்கிழமையே ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"வடிவா எழுதியிருக்கிறியள் அக்கா. ஆனால் இதைப் போட்டால் சனம் வந்து என்ரை ஜன்னல் கண்ணாடியை உடைக்கும்."

"உடைக்கட்டும். எங்க கடையில கண்ணாடி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பிள்ளைகளே, எழுத்தாளருக்குத் திமிர் வருகிற நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளே யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். என் வாசலில் செவ்வாய்க்கிழமை காலை வந்து நின்றவர் ராமாயி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல சேலை கட்டி, தலையில் எண்ணெய் வைத்து, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரம்மா, தங்கத்துக்கு எப்ப கல்யாணம்?"

"அது கதைங்க அம்மா. வெள்ளிக்கிழமை கேளுங்க."

"வெள்ளிக்கிழம வரைக்கும் எனக்குத் தாங்காதுங்க. எம் மருமகளோட வாழ்க்க அதுல நிக்குது."

அப்புறம் உட்கார்ந்தார், எல்லாவற்றையும் சொன்னார். மகன் மலையில் குளவி கொட்டிச் செத்து மூன்று வருடமாகிறது. மருமகள் பெயர் வசந்தி. பிள்ளை குட்டி இல்லை. மாமியாரும் மருமகளும் லயத்தில் ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், இருக்கிறார்கள். ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு கினிகத்தேனையிலிருந்து பேக்கரிப் பாண் விற்க வருகிற தம்பி ஒருவன், முறையாக ராமாயியிடமே வந்து பெண் கேட்டிருக்கிறான். ராமாயிக்கு மெத்தச் சம்மதம். வசந்திதான் மாட்டேன் என்கிறாள். மாமியார் ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதாம். பேச்சை எடுத்தாலே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாளாம்.

"போன மாசம் ரொம்ப நச்சரிச்சேங்க. அப்ப அவ சொல்லிட்டா, 'கதையில தங்கம் என்ன செய்றாளோ, அதையே நானும் செய்றேன், ஆள விடுங்க'ன்னு. லயத்துல எல்லாரையும் வச்சுச் சத்தியம் பண்ணிட்டா. ரோசக்காரி, சொன்னா சொன்னதுதான். நான் சந்தோசமாத் தலைய ஆட்டிட்டேன். நீங்கதான் ஏற்கெனவே சொல்லிட்டீங்களே!"

"நான் என்னம்மா சொன்னேன்?"

"தங்கம் கவ்வாத்து வெட்டுன செடியாட்டம் நின்னான்னு நீங்கதானே வாசிச்சீங்க? எங் காதால கேட்டேன்."

"அதுனால?"

ராமாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "டீச்சரம்மா, கவ்வாத்துன்னா என்னான்னு நெனச்சீங்க?"

"எல்லாத்தையும் வெட்டிப்போடுறது. செடி மொட்டையாகி, செத்து…"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். "செத்ததுக்கு யாராச்சும் கத்தியத் தீட்டுவாங்களா? செடி கெழடு தட்டி, கொழுந்து கொறஞ்சா வெட்டுவாங்க. வெட்டுனாத்தான் புதுசாத் தளைக்கும். பாக்கத்தான் குச்சி. அடியில வேரு அப்படியே கெடக்கும். மூணு மாசத்துல வந்து பாருங்க, பச்சப்பசேல்னு நிக்கும். அதத் தங்கத்துக்கு நீங்க சொன்னதும் எங்க லயத்துல பொம்பளைங்க கை தட்டுனாங்க. 'டீச்சர் தங்கத்த விடமாட்டாங்க, தளைக்க வச்சிருவாங்க'ன்னு."

எத்தனை ஆயிரம் கவ்வாத்துக் கத்தி விற்ற குடும்பம்! நான் சாவு என்று எழுதியதை மலை முழுக்கத் துளிர் என்று கேட்டிருக்கிறது. பத்து வாரமாக இரண்டு கதைகள் ஓடியிருக்கின்றன. ஒன்றை நான் எழுதிக்கொண்டிருந்தேன், மற்றதை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கதைதான் நன்றாக இருந்தது, அதைச் சொல்லும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

"வசந்திக்கும் இது தெரியும்தானே? தெரிஞ்சா ஏன் அப்படிச் சத்தியம் பண்ணினா?"

"அவ படிச்சவ, நெறையக் கதை வாசிப்பா. கதை எழுதுறவங்க தாலி அறுத்தவளக் கடைசியில கொன்னுருவாங்கன்னு அவளுக்கு ஒரு எண்ணம். அந்தத் தைரியத்துலதான் சொல்லிட்டா." ராமாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டீங்கதானே?"

ஆசிரியரின் மேசையில் அந்தப் பத்துப் பக்கம் கிடந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், என்ன செய்திருப்பீர்கள்? கல்யாணத்தை எழுதிவிட்டால் முடிந்தது என்றுதானே? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வசந்தி என்ற பெண்ணை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவள் மாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அது தெரியாமல், நான் பேனாவை எடுத்து ஒருத்திக்குக் கல்யாணம் செய்து வைத்தால், ஆட்டோக்காரனோடு அவள் வாழப்போகிற வாழ்க்கைக்கு யார் பதில் சொல்வது? கொன்றாலும் தப்பு, கட்டி வைத்தாலும் தப்பு. வியாழன் மதியத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான். புதன்கிழமை காலை நான் பஸ் ஏறினேன்.

ராமாயியோடு பேசி வைத்திருந்தேன். தேயிலை பார்க்க வந்தவள் மாதிரி மெதுவாகப் போய், வசந்தியிடம் தனியாக நாலு வார்த்தை பேசுவது என்று திட்டம். சாப்பாட்டு நேரத்தில் மலைக்குப் போனேன். பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "இங்க வசந்திங்கிறது யாருங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான். ரொட்டியைப் பிட்ட கைகள் அப்படியே நின்றன.

"அடியேய்! தங்கம் டீச்சர்டி!"

குரல்! இருபது வாரமாக அவர்கள் காதில் ஒலித்த குரலை எடுத்துக்கொண்டு ரகசியமாகப் போன புத்திசாலி நான். ஒருத்தி என் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு என் வாயிலேயே வைத்துவிட்டாள். "பாஸ் எப்ப வருவாரு?" "கல்யாணம் கோயில்லயா, வீட்டுலயா?" "பொண்ணுக்கு என்ன கலரு சேல?" எல்லாக் கேள்விக்கும் நான் ரொட்டி நிறைந்த வாயோடு தலையை ஆட்டினேன். மேலேயிருந்து கங்காணி, "என்னா அங்க சத்தம்?" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தார். விஷயம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பைப் பாஸுக்குத் தோட்டத்துல வேலை நெரந்தரந்தானுங்களே?" என்று கேட்டார். எனக்குத் தலை சுற்றியது. சந்தோஷத்தில்தான் சுற்றியது, மறைப்பானேன்.

ஒருத்தி மட்டும் எழுந்து வரவில்லை. அவள்தான் வசந்தி என்று பக்கத்திலிருந்தவள் கண்ணால் காட்டினாள். ஒல்லியாக, கறுப்பாக, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தேத்தண்ணிப் போத்தலை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"கவ்வாத்து மலைய நீங்க கிட்டத்துல பாத்ததில்லைன்னு நெனைக்கிறேன். வாங்க டீச்சர், காட்டுறேன்."

பக்கத்து மலை போன வாரம்தான் வெட்டப்பட்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குச்சிகளுக்கு நடுவே நடந்தோம். மாமியார் என்னைத் தேடி வந்ததை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று முழித்துக்கொண்டே, தற்செயலாக, "தங்கத்துக்கு அந்தப் பாஸைப் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"பிடிக்குமே." பட்டென்று பதில் வந்தது. "அவரு வாற நேரம் தெரிஞ்சா, அவ வாசலக் கூட்டுவா."

நான் எழுதாத விஷயம் அது. குழாய் திருத்துகிறவர் என் கதையில் ஒரே ஒரு தடவைதான் வந்தார். தினமும் நேரத்துக்கு வருகிறவர் பாண்காரர்.

"அப்புறம் ஏன் தங்கம் மாட்டேங்கிறா?"

"அவளுக்கு மாமியார் இருக்காங்கதானே?"

என் கதையில் தங்கத்தின் மாமியாருக்கு மொத்தம் நான்கு வசனம். அதில் மூன்று இருமல். ஆனால் வசந்தி அந்த மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், பாருங்கள்! மகன் செத்த அன்றைக்கு, மருமகள் சாப்பிடவில்லை என்று தானும் பட்டினி கிடந்தது. வாசலில் ஒருத்தி, 'வந்த நேரம் சரியில்ல' என்று சொன்னதற்கு விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடியது. குளிர் நாளில் தன் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டு, காலையில், 'எனக்கு வேர்த்துச்சு' என்று பொய் சொன்னது. எல்லாமே தங்கத்தின் மாமியாராம். நான் ஒவ்வொன்றுக்கும், "ஆமா, ஆமா" என்றேன், நானே எழுதிய மாதிரி.

"அவ கட்டிக்கிட்டுப் போயிட்டா, அந்தக் காம்பராவுல அவங்க ஒத்தையாக் கெடப்பாங்க டீச்சர். இருமுனா சுடுதண்ணி குடுக்க ஆளில்ல."

"மாமியாரே போகச் சொல்றாங்கதானே?"

"அதுதான் பெரிய தொல்லை. போகாதன்னு சொன்னாச் சண்டை போட்டுட்டுப் போயிறலாம். போ போன்னு சொல்றவங்கள விட்டுட்டு எப்படிப் போறது?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தங்கத்தச் சொல்றேன்."

"தெரியும்மா. தங்கத்தத்தான் சொல்றே."

பிள்ளைகளே, இதற்காகத்தான் இவ்வளவு தூரம் கதையை வளர்த்தேன். ஒரு வருடமாக மாமியார் நேருக்கு நேர் கேட்டும் வாயைத் திறக்காதவள், தங்கம் என்ற பெயரைப் போட்டதும் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தாள். உவமை என்றால் அழகுக்குப் போடுகிற பூ என்று நான் நினைத்திருந்தேன். ஒருவர் தன் சொந்த வலியை வெளியே எடுத்து வைத்துப் பார்க்க அது இடம் கொடுக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, என் தொழில் என்ன என்பதே.

திரும்பும்போது அவள் ஒரு செடிக்கு முன்னால் நின்றாள். "இதப் பாத்தீங்களா? எல்லாத்தையும் வெட்டிட்டு, ஒரு கொப்ப மட்டும் எலையோட விட்டு வச்சிருக்காங்க. செடி இது வழியாத்தான் மூச்சு விடும். இதையும் வெட்டிட்டா, துளிர் வர்றதுக்குள்ள செடி செத்தாலும் செத்துரும்."

அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டிருப்பேன், கங்காணி பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டேன்.

பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு இதழ் அலுவலகத்துக்குள் நுழைந்து பழைய பத்துப் பக்கத்தைப் பிடுங்கிக் கிழித்தபோது ஆசிரியர், "அக்கா, அதைத்தானே நான் செப்பம் பார்த்து முடிச்சனான்!" என்று அலறினார். புதியதை நான் சொல்லச் சொல்ல அவரே தட்டினார். பாஸ் திரும்பி வருகிறார். தன்னோடு வரும்படி தங்கத்தைக் கேட்கிறார். தங்கம் சொல்கிறாள்: "செடிய வெட்டும்போது ஒரு கொப்ப விட்டு வைப்பாங்க. எனக்கு எங்க அத்த அந்தக் கொப்பு. அவங்க இல்லாட்டி நான் மூச்சு விட்டிருக்க மாட்டேன். அவங்கள விட்டுட்டு வரமாட்டேன். வேணும்னா நீங்க இங்க வாங்க." பாஸ் தன் சாமான் பையை வாசலில் இறக்கி வைக்கிறார். முற்றும். ஆசிரியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பதிவு போனது. நாங்கள் இருவரும் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். பதினைந்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. கேட்கிறார்கள். இருபதாவது நிமிடம் மணி அடித்தது. ராமாயி. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன்.

"டீச்சரம்மா! கெடுத்துட்டீங்களே!"

"என்னம்மா ஆச்சு?"

"அந்தக் கொப்பப் பத்தி முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு எழுத வேணாமா? துளிர் வந்து, செடி தானா மூச்சு விட ஆரம்பிச்சதும் அந்தக் கொப்புக்கு அங்க வேலை இல்லீங்க. கத்தியால ஒரே போடு. வெறகுக்குத்தான் போகும். தோட்டத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இப்ப என்னா சொல்லிட்டீங்க? தங்கம் தளைச்சதும் மாமியார வெட்டிப் போட்டுருவான்னா?"

மறுபடியுமா! ஒரே செடியில் இரண்டு தடவையா விழுவாள் ஒருத்தி! ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். மலையில் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. நான், "அம்மா, எனக்குத் தெரியாதும்மா…" என்று திக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் போன் கைமாறியது.

"டீச்சர், வசந்தி பேசுறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அவங்க சொல்றது தோட்டத்து வழக்கம். நம்ம வீட்டுல அது கெடையாது. அந்தக் கொப்ப வெட்ட வர்றவன் மொதல்ல என்னத் தாண்டி வரட்டும். நான் தளைச்சாலும் அவங்க அங்கதான் இருப்பாங்க. பாண்காரர் நாளைக்குக் காலையில வருவாரு. அவருகிட்டயும் இதத்தான் சொல்லப் போறேன். இஷ்டம்னா வண்டிய வாசல்ல நிறுத்தட்டும்."

தங்கம் என்ற பெயரே அவள் வாயில் வரவில்லை.

அப்புறம் ராமாயியின் குரல், அழுகையும் ஆத்திரமுமாக, போனுக்குத் தூரத்திலிருந்து கேட்டது:

"அடியேய் கூறுகெட்டவளே! இருக்கிறதே ஒத்தக் காம்பரா, மாப்பிள்ளைய நான் எங்கடி படுக்க வைக்கிறது?"